ரீஸ் மூடிய கேட்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருப்பதில் உட்காருங்கள். காபி கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். சமையல்காரி வேலையை விட்டுப் போய்விட்டாள், நான்தான் போட்டேன். உங்கள் அப்பா எங்களிடம் உலர்புல் வாங்க வரும்போதெல்லாம் இதே மேஜையில்தான் உட்காருவார். இரண்டு கோப்பை குடிப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். நீங்களும் அவர் மாதிரியே இருக்கிறீர்கள். வாயைத் திறக்காதவர்களை எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு எல்லோர் மேலும் அது உண்டு.

என் கணவர் டுவெய்ன் விஷயமாகத்தான் உங்களை வரச் சொன்னேன். அவர் நேற்று உங்கள் ஷெரீப் போலீஸ் ஆபீசுக்கு வந்து, ரீஸ் விஷயத்தில் நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று சொன்னாராம். அது பொய். என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. செய்யாததைச் செய்தேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரவர் செய்ததை அவரவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தானே இந்தப் பண்ணையில் இத்தனை காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பையன்களைச் சொல்லச் சொல்வதுபோல முதலிலிருந்து, வரிசையாக.

எங்களிடம் வரும் பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். கஞ்சா அடித்தவன், கார் திருடியவன், பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். பெற்றவர்கள் அலுத்துப்போய்க் கைகழுவும் கட்டத்தில் கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு குதிரையைக் கையில் கொடுப்போம். விடியும்போது எழுந்து தண்ணீர்த் தொட்டியில் உறைந்திருக்கும் பனிக்கட்டியை உடைத்து, சாணி அள்ளி, சேணம் துடைத்து, பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கினால் பாதிப் பேர் தானாகச் சரியாகிவிடுவார்கள். மீதிப் பாதிக்குத்தான் நான்.

பெற்றவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். உங்கள் பிள்ளை போனில் அழுவான். சாப்பாடு சரியில்லை என்பான், வயிறு வலிக்கிறது என்பான், இங்கே கொடுமைப்படுத்துகிறார்கள் என்பான். எல்லாம் வீட்டுக்கு வருவதற்கான தந்திரம், நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேசும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன். “என்னைக் கூட்டிட்டுப் போ” என்ற பேச்சு வந்தால் லைனைத் துண்டித்துவிடுவேன். தாய்மார்கள் ஆரம்பத்தில் பதறுவார்கள், அப்புறம் பழகிவிடும். அவன் அழுகையை இனிமேல் நம்பவேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இப்போது கேட் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் இந்தப் பக்கத்துப் பிள்ளை. மூடியிருந்த கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் நகரவேண்டும். ஒருவன் குடிக்கலாம், மனைவியை விட்டுவிட்டு ஓடலாம், நாம் மன்னித்துவிடுவோம். கேட்டைத் திறந்துபோட்டுப் போனவனை இந்த மாவட்டத்தில் யாரும் மன்னித்ததில்லை. நகரத்துப் பையன்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான். சாயங்காலம் குதிரைகளைப் பட்டியில் விட்டு, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியை மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாரம் அந்த வேலை.

ஆரம்ப காலத்தில் ஒரு பையன் இருந்தான். ஒருநாள் காலையில் குதிரைகள் வெளியே நின்றன. யார் செய்தது என்று கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் எழுந்து, “நானாத்தான் இருக்கும் மிஸ்” என்றான். அன்று அவன் முகத்தைப் பார்த்தேன். கழுவிவிட்டதுபோல இருந்தது. அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினோம், இன்றுவரை ஒரு வம்புக்கும் போகவில்லை. எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. ஒரு பையன் உள்ளுக்குள் மாறிவிட்டானா, நடிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. அதற்கு ஒரு வழி கிடைத்தது.

அதன்பிறகு, வீட்டுக்குப் போகும் நிலைக்கு ஒரு பையன் வந்துவிட்டான் என்று தோன்றினால், அவன் கேட்டை மூடிவிட்டுப் போன பிறகு நான் போய் அதைத் திறந்துவைப்பேன்.

உங்கள் பேனா நின்றுவிட்டது. எழுதுங்கள், இதில் ஒன்றும் இல்லை. குதிரைகள் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குத்தான் போகும், அதைச் சுற்றியும் வேலி உண்டு. காலைச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் கேட்பேன். “நான் மூடினேன்” என்று அடம்பிடிப்பவன் இன்னும் தயாராகவில்லை. “நானாத்தான் இருக்கும்” என்பவன் தயார். முதலில் எல்லோரும் அடம்தான் பிடிப்பார்கள். குதிரையை அவனிடமிருந்து எடுத்துக்கொள்வோம், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நிறுத்துவோம், யாரும் அவனோடு பேசக்கூடாது என்று வைப்போம். கொஞ்ச நாளில் அழுதுகொண்டே வந்து சொல்லிவிடுவான். நான் அவனைக் கட்டிக்கொள்வேன். அந்த அழுகை உண்மையான அழுகை தம்பி. எனக்கும் கண் கலங்கும்.

டுவெய்னுக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் நான் உள்ளே வரும்போது என் பூட்ஸ் நனைந்திருக்கும். அவர் பூட்ஸைப் பார்ப்பார், பிறகு செய்தித்தாளைப் பார்ப்பார். ஒன்றும் கேட்டதில்லை.

ரீஸ் கோடையின் முடிவில் வந்தான். அம்மாவின் இரண்டாம் புருஷனுடைய காரைச் செங்கல்லால் அடித்து நொறுக்கிவிட்டு வந்தவன். ஒல்லியாக இருப்பான், எதற்கும் சிரிப்பான். ஹேசல் என்று ஒரு பெண் குதிரை எங்களிடம் இருந்தது, யாரையும் பக்கத்தில் விடாது. இவன் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, தன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நடித்துக் காட்டுவான். இலை உதிர்ந்து முடிவதற்குள் அது இவன் தோளில் தலையை வைத்து நிற்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போனது. எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் நல்லவனாகிற பையனை நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் அம்மா ஜோலீன் பேசினாள். அந்த இரண்டாம் புருஷனை விட்டுத் தனி வீடு பார்த்து வந்துவிட்டாளாம், பையனுக்கு ஒரு அறை இருக்கிறதாம். “நீங்க அவன் தயாராயிட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ் ஆர்டித், நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாள். அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல முடியுமா? அடுத்த வாரம் அவனுக்குக் கேட் வேலை வந்தது. நான் போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன்.

அன்றைக்கு ஒரு தவறு நடந்துவிட்டது. அந்த மேய்ச்சல் நிலத்து வேலியில், பொதுச் சாலையை ஒட்டி எங்களுக்கு இன்னொரு கேட் உண்டு, அதுவும் திறந்து கிடந்திருக்கிறது. யார் திறந்தது என்று தெரியாது. முந்தின நாள் டுவெய்ன் அந்தப் பக்கம் போய்வந்தார். நான் கேட்கவில்லை. ஹேசல் சாலைக்குப் போய்விட்டது. மாடு ஏற்றிவந்த லாரி அதன் பின்னங்கால்களை உடைத்துவிட்டது. டுவெய்ன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

“நேத்து கேட் வேலை யாருது?” என்று கேட்டேன்.

“என்னுது மிஸ்.” ரீஸின் உதடு வெளுத்திருந்தது. “நான் மூடினேன். ரெண்டு சுத்து சுத்தி, கொக்கி மாட்டி, இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப தானா திறந்துக்கிச்சா?”

“தெரியல மிஸ். ஆனா நான் மூடினேன்.”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் எத்தனை பையன்களுடைய கண்ணீர் வீணாகப் போகும். என் முன்னால் நின்று ஒத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு வாழ்க்கையையே கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அதோடு, செத்துப்போன குதிரைக்குப் பொறுப்பேற்பது இன்னும் பெரிய விஷயம். அவன் மட்டும் ஒத்துக்கொண்டிருந்தால் இதுவரை வந்த பையன்களிலேயே உயர்ந்தவனாகியிருப்பான். நான் அவனுக்கு நல்லதைத்தான் நினைத்தேன்.

அவனைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வைத்தோம். லாயத்துக்குப் பின்னாலிருக்கும் கல் குவியலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றினான். சாயங்காலம் பூட்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பைக் கொடுப்போம், தண்டனையில் இருப்பவன் ஓடிப்போகாமல் இருக்க. இதெல்லாம் இந்த மாதிரிப் பண்ணைகளில் வழக்கம்தான். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கும்போதெல்லாம் அதே பதில்.

ஒருநாள் லாயத்துக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கல் குவியலருகே டெவின் அவனோடு பேசிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில் பையன், பேசக்கூடாது என்று தெரிந்தும் பேசினான்.

“டேய், சொல்லித் தொலையேன்டா. பெரிய யோக்கியனா நீ? எனக்கும் இதே கததான். நான் மூடுன கேட்டுதான். எத்தன நாளுடா சுவத்தப் பாத்துத் திங்கறது? நான்தான்னு சொன்னேன், மறுநாளே குதிரயக் குடுத்துட்டாங்க, கேக்கு குடுத்தாங்க, அந்தம்மா கட்டிப்புடிச்சு அழுதுச்சு, அடுத்த மாசம் வீட்டுக்குப் போறேன்.”

“அப்ப ஹேசல நான் கொன்னேன்னு சொல்லச் சொல்றியா?”

“அது செத்துப்போச்சுடா. நீ வீட்டுக்குப் போவணுமா வேணாமா?”

“போவணும். எங்கம்மா ரூம்லாம் ரெடி பண்ணியிருக்கு.” இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டான். “ஆனா எங்கம்மாகிட்ட நான் பொய் சொன்னதில்லடா.”

எனக்கு மனசு உடைந்துபோனது. ரீஸுக்காக இல்லை. டெவின் என் தோளில் சாய்ந்து அழுததெல்லாம் நடிப்பு என்று அன்றுதான் தெரிந்தது. என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் எவ்வளவு நம்பினேன் அவனை. அவனையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன்.

ஜோலீன் மறுபடி பேசினாள். பையன் ஒரு குதிரை சாகக் காரணமாக இருந்துவிட்டு ஒத்துக்கொள்ள மறுக்கிறான், இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்றேன்.

“அவன் எல்லாத் தப்பும் பண்ணுவான் மிஸ்,” என்றாள் ஜோலீன். “கார உடச்சப்ப என்ன பண்ணான் தெரியுமா? அந்தாளு மூஞ்சிக்கு நேரா, ‘நான்தான் உடச்சேன், எங்கம்மாவ இன்னொரு தடவ அடிச்சா மறுபடி உடைப்பேன்’னான். பண்ணதப் பண்ணலேன்னு சொல்ற பழக்கம் மட்டும் அவனுக்குக் கெடையாது. நான் சனிக்கெழம வர்றேன். அவன நேர்ல பாக்கணும்.”

“இப்ப வந்தா இதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் வீணாயிடும்மா.”

“வீணாவட்டும்,” என்று சொல்லி அவளே லைனைத் துண்டித்தாள். என்னிடம் யாரும் அப்படிச் செய்ததில்லை.

சனிக்கிழமைக்குள் அவன் ஒத்துக்கொண்டாக வேண்டும். ஒரு தடவை நடந்தால் ஒருவன் தன்னை நம்பிக்கொண்டிருக்கலாம். அதுவே இரண்டாவது தடவையும் நடந்தால் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பிப்பான். அதனால் வெள்ளிக்கிழமை மறுபடி அவனுக்கே கேட் வேலை கொடுத்தேன். பனிப்புயல் வரும் என்று ரேடியோவில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவன் மூடிவிட்டுப் போனதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். காற்று எழும்பிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சங்கிலியில் கை வைத்தேன்.

“மிஸ்?”

புல்லுக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். காவல் காத்திருக்கிறான். காலில் ரப்பர் செருப்பு, மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட்.

“நீங்களா மிஸ்?”

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான் தம்பி. சிரித்துக்கொண்டே அழுதான். “நான் மூடினேன். நான் மூடினேன்ல மிஸ்? எனக்கே சந்தேகம் வந்துடிச்சு. நான்தான் அதக் கொன்னுட்டனோன்னு தூக்கமே இல்ல.” என் கையைப் பிடித்துக்கொண்டான். “நாளைக்கி எங்கம்மா வருது. அதுகிட்ட மட்டும் சொல்லிடுங்க மிஸ். வேற யாருக்கும் சொல்லவேணாம்.”

எனக்குக் கோபம் வந்ததை மறைக்கமாட்டேன். ஒளிந்திருந்து என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். இத்தனை நாள் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சந்தேகப்பட்டிருக்கிறான். நாளைக்கு அவன் அம்மாவிடம் சொல்வான், அவள் ஊரெல்லாம் சொல்வாள். எல்லாப் பையன்களும் எதற்காக அழுதோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். ஒருவனுக்காக அத்தனை பேரையும் விட்டுக்கொடுக்க முடியுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் முடியாது.

“சொல்றேன்ப்பா,” என்றேன். “அதுக்கு முன்னாடி சாலைப் பக்கத்துக் கேட்டப் பாத்துட்டு வந்துடு. புல் லாரி போனதுக்கப்புறம் டுவெய்ன் மூட மறந்துட்டாரு. ஹேசலுக்கு ஆன மாதிரி இன்னொண்ணுக்கு ஆயிடக்கூடாது.”

நான் பொய் சொல்லவில்லை. அது திறந்துதான் கிடந்தது. ஆனால் குதிரைகளை அப்போது லாயத்துக்குள் கொண்டுபோய்விடச் சொன்னால் போதும், அது எனக்குத் தெரியும். அவன் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சரி மிஸ்” என்று ஓடினான். மேய்ச்சல் நிலத்தைத் தாண்டிப் போகவேண்டும், நல்ல தூரம். பாதி வழிக்குள் பனி அவனை மறைத்துவிட்டது.

நான் உள்ளே வந்து முற்றத்து விளக்கை அணைத்தேன்.

இந்தப் பக்கத்தில் பனிப்புயல் நாளில் அந்த விளக்கை யாரும் அணைப்பதில்லை. வெளியே மாட்டிக்கொண்டவனுக்கு வீடு எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு வேறு வழி கிடையாது. உங்கள் வீட்டிலும் விடிய விடிய எரியும். நான் அணைத்தேன். என் கைதான், டுவெய்ன் கையில்லை. அவர் லாயத்தில் குதிரைகளைக் கட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பீன்ஸ் போட்ட சில்லியும் இனிப்பு சினமன் ரோலும். ரீஸ் எங்கே என்று டெவின் கேட்டான். ஓடிவிட்டான் என்றேன். டுவெய்ன் சுவிட்சைப் பார்த்தார், எழுந்தார். “பல்பு போயிடிச்சு, உக்காருங்க” என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அதற்குப் போய்க் கொலைகாரன் மாதிரி உங்களிடம் வந்து நிற்கிறார்.

சாலை திறக்க ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஜோலீன் வந்தாள். ஓடிப்போய்விட்டான் என்று நான் சொல்லச் சொல்ல அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் வரிசையாக வைத்திருந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் எழுதிய ஜோடியைக் கையில் எடுத்தாள். “எதப் போட்டுக்கிட்டு ஓடினான்?” என்றாள். என்னை அவள் சந்தேகப்பட்டாள். எனக்கு அது ரொம்ப வலித்தது. பனி உருகி நீங்கள் அவன் உடலைக் கண்டெடுக்கும்வரை அந்தப் பூட்ஸை அவள் கீழே வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சாலைக் கேட் மூடியிருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவன் போய் மூடியிருக்கிறான். திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பார்த்தீர்களா, எப்படிப்பட்ட பையன். காரை நொறுக்கிவிட்டு வந்தவனை அந்த அளவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பண்ணைதான். அவன் அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கேட்டைத் திறந்தேன், நான் அவனை அனுப்பினேன், நான் விளக்கை அணைத்தேன். அவன் திரும்பி வரக்கூடாது என்றுதான் அணைத்தேன். நெஞ்சு லேசாக இருக்கிறது. ஒத்துக்கொண்டால் பாரம் இறங்கிவிடும் என்று பையன்கள் சொல்வது உண்மைதான் போலிருக்கிறது.

அதை ஏன் மேஜையில் எடுத்துவைக்கிறீர்கள் தம்பி? கைவிலங்கெல்லாம் எதற்கு? ஒத்துக்கொண்டவர்களை இந்தப் பண்ணையில் நாங்கள் தண்டித்ததே இல்லை.